குழாயடியை விட்டு நகராத அண்ணன்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

"அண்ணனுக்கு 44 வயது. இருபத்தைந்து வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, எங்கள் தறியிலேயே தார் (ஊடைநூல்) சுற்றிக்கொண்டு அமைதியாகத்தான் இருந்தார். ஒரு வருடமாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறார். பாட்டிலை ஒளித்துவைத்தால் குழாயடிக்குப் போகிறார், குழாயை மூடினால் பாத்ரூம் வாளி. நாளைக்குப் பத்து லிட்டருக்குக் குறையாது. ராத்திரி படுக்கை நனைந்துவிடுகிறது. போன மாதம் ஒரு சாயங்காலம் வாந்தி எடுத்து, தள்ளாடி விழுந்து, வலிப்பு வந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் சோடியம் 116, உப்பு குறைந்துவிட்டது என்று சொல்லி மூன்று நாள் ஐசியூவில் வைத்தார்கள். சர்க்கரை இல்லை, தலை ஸ்கேனும் சரி. வலிப்பு மாத்திரை ஒன்று எழுதி, தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று அனுப்பினார்கள். எல்லாம் மாத்திரைச் சூடு என்று அம்மா மனநோய் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். வயிறு குளிரட்டும் என்று மூன்று வேளையும் கஞ்சிதான் கொடுக்கிறார். நான் உப்பைக் கூட்டிக் கொடுக்கிறேன். பாத்ரூமைப் பூட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். உப்புக் குறைவுக்கு மூன்று நாள் ஐசியூ தேவையா? இது குணமாகுமா? அடுத்த மாதம் என் மகனுக்குக் காதுகுத்து. அண்ணன்தான் தாய்மாமன். மடியில் உட்காரவைக்கலாமா?"

சகோதரி,

முதலில் அவசரமான விஷயம். மாத்திரையைப் பாதியாக்கியதை உங்கள் மனநல மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து பாதி என்பதையும் சொல்லுங்கள். எந்த அளவில் திரும்பத் தொடங்குவது என்று அவர் முடிவு செய்யட்டும். அம்மா மேல் கோபப்பட வேண்டாம். மாத்திரை உடம்பில் சூட்டைக் கிளப்பும், நிறையத் தண்ணீர் குடித்து அதைத் தணிக்க வேண்டும் என்பதை என் வெளிநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் கேட்கிறேன். மருந்து எழுதிக்கொடுப்பவர்களே 'நிறையத் தண்ணீர் குடிங்க' என்று வழக்கமாகச் சொல்லி அனுப்புவதும் உண்டு. ஆனால் மனச்சிதைவு நோயாளிகள் சிலர் அளவில்லாமல் தண்ணீர் குடிப்பதை மருத்துவர்கள் 1930களிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அப்போது இந்த மாத்திரைகளில் ஒன்றுகூடக் கிடையாது. முதல் மாத்திரையான குளோர்புரோமசின் 1950களில்தான் வந்தது. நீண்டகாலம் மனநல மருத்துவமனைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் இருக்கலாம்; ஐந்தில் ஒருவர் வரை என்றும் கணக்குகள் உண்டு. நோய் கிளம்பினால் தாகமும் கிளம்பும். மாத்திரையைக் குறைத்தால் நோய் கிளம்பும். வீட்டில் இப்போது எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

உப்பு எங்கேயும் போகவில்லை

'உப்பு குறைந்துவிட்டது' என்று ஆஸ்பத்திரியில் சொல்வது சுருக்கமான பேச்சு. அதைக் கேட்ட எல்லோரும் உங்களைப் போல உப்பு ஜாடியைத்தான் எடுப்பார்கள். உங்கள் அண்ணன் உடம்பிலிருந்து உப்பு பெரிதாக எங்கும் போய்விடவில்லை. சரியாக உப்புப் போட்ட சாம்பாரில் இரண்டு சொம்பு தண்ணீரை ஊற்றினால் எப்படிச் சப்பென்று ஆகுமோ, அதுதான் ரத்தத்தில் நடந்திருக்கிறது. ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். 116 என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. ரத்தம் நீர்த்துப்போனால் தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். கை கால் வீங்கினால் இடம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமில்லை. வாந்தியும் தள்ளாட்டமும் கடைசியில் வலிப்பும் வந்தது இப்படித்தான்.

அதிக உப்பு தாகத்தைத்தான் கூட்டும். அதனால் உப்பு வழக்கமான அளவிலேயே இருக்கட்டும். கஞ்சியை நிறுத்துங்கள். சிறுநீரகம் தண்ணீரை வெறும் தண்ணீராக வெளியேற்ற முடியாது. ஒவ்வொரு லிட்டரோடும் கொஞ்சம் உப்பும், புரதம் செரித்து வரும் யூரியாவும் சேர்த்துத்தான் அனுப்ப முடியும். கஞ்சியும் டீயுமாக இருப்பவருக்கு அந்தச் சரக்கு போதாது. மற்றவர்களால் கழித்துவிடக்கூடிய தண்ணீர்கூட அவர் உடம்பில் தேங்கும். சோறு, பருப்பு, முட்டை, மீன் என்று வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடட்டும். கஞ்சியே பாதிக்கு மேல் தண்ணீர்தானே.

ஐசியூ பற்றி மனத்தாங்கலோடு எழுதியிருந்தீர்கள். பில் நியாயமா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த மூன்று நாள் தேவைதான். இறங்கிய சோடியத்தை ஒரே மூச்சில் ஏற்றினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை கெட்டு, பேச்சும் கை கால் அசைவும் போய்விடக்கூடும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைக்குமேல் ஏறவிடுவதில்லை. வலிப்பு வந்தவருக்கு மூன்று சதவீத உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றி, ஆபத்தைத் தாண்டியதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் அண்ணனைப் போன்றவர்களிடம் இன்னொரு சங்கடம்: தண்ணீரை நிறுத்தியதும் சிறுநீர் அருவியாகக் கொட்டும், சோடியம் தானாகவே தாவி ஏறும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தது அதற்காகத்தான்.

வேறு காரணம் இருக்குமா?

தாகம் என்றதும் சர்க்கரை பார்த்தது சரி. சர்க்கரை இல்லாமலேயே சிறுநீர் வெள்ளமாகப் போகும் இன்னொரு நோயும் உண்டு. தண்ணீரை உடம்பில் தேக்கிவைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் குறைந்தாலோ, சிறுநீரகம் அதன் பேச்சைக் கேட்காமல் போனாலோ அது வரும். அதில் சிறுநீர் அதிகமாகப் போவதால் தாகம் எடுக்கிறது. அவர்களுக்கு சோடியம் பொதுவாக 140ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 116க்கு இறங்கியவருக்கு அந்த நோய் என்று நினைக்க இடம் குறைவு. ஆனாலும் கால்சியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சிறுநீரின் அடர்த்தி இவற்றை ஒருமுறை பார்த்துவிடலாம். அண்ணன் எப்போதாவது லித்தியம் சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அது சிறுநீரகத்தை அப்படிப் பழக்கிவிடும். 'தண்ணீரே கொடுக்காமல் பார்க்கும் டெஸ்ட்' என்று யாராவது சொன்னால் வீட்டில் முயல வேண்டாம். அது மருத்துவமனையில் எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே செய்வது.

சோடியம் பரிசோதனையைக் காலையில் எடுத்துவிட்டு நார்மல் என்று திரும்பிவராதீர்கள். இவர்களுக்குப் பகலெல்லாம் சேரும் தண்ணீர் ராத்திரியில் வடிந்துவிடும். காலையில் 137 இருப்பவர் மாலை நான்கு மணிக்கு 124 இருக்கலாம். வலிப்பு சாயங்காலம் வந்ததும் தற்செயல் இல்லை. லேபுக்கு மூன்று மணிக்குமேல் போங்கள்.

சீட்டை எடுத்து மூன்று மருந்துகளைத் தேடுங்கள். ஒன்று, வாய் உலரவைக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில். மனநோய் மாத்திரையால் வரும் கை நடுக்கத்துக்காகச் சேர்ப்பது. பல பேருக்கு வருடக்கணக்கில் அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும். அது குறைந்தால் வாய் வறட்சி குறையும். இரண்டாவது, புதிதாக எழுதிய வலிப்பு மாத்திரை. அதன் பெயர் கார்பமசெபின் அல்லது ஆக்ஸ்கார்பசெபின் என்றிருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், ஏனென்றால் அவையே சோடியத்தை இறக்கும். வந்தது சோடியம் இறங்கியதால் வந்த வலிப்பு மட்டும்தான் என்றால், நீண்டநாள் வலிப்பு மாத்திரை பல சமயம் தேவைப்படாது. மூன்றாவது, பி.பி. இருந்தால் அதற்கான மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ இருக்கிறதா என்பது. அவையும் சோடியத்தை இறக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே ஒரு மாத்திரையை வீட்டில் பாதியாக்கியதற்கே நாம் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பீடி, சிகரெட் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. இந்தப் பிரச்சினை உள்ளவர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் என்பதால் கேட்கிறேன். நிகோட்டின், தண்ணீரை உடம்பில் தேக்கிவைக்கும் அதே வாசோபிரெசினைச் சுரக்கவைக்கும். நன்றாக இருக்கும் சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்டக் கழித்துவிடும். அந்தக் கணக்கில் நாளைக்குப் பத்து லிட்டர்கூடத் தாங்கும். ஒரே நேரத்தில் மூன்று சொம்பு குடித்துவிட்டு நாலு பீடியும் இழுத்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

பூட்டுக்குப் பதில் எடை மிஷின்

உங்கள் கணவர் பூட்டுப் போடச் சொல்வது கொடுமையால் அல்ல, பயத்தால் என்று புரிகிறது. ஆனால் பூட்டு வேலை செய்யாது. பாத்ரூமைப் பூட்டினால் பக்கத்து வீட்டுக் குழாய் இருக்கிறது, மாட்டுத் தொட்டி இருக்கிறது. அசுத்தத் தண்ணீரால் வரும் பேதி வேறு சேரும். அதைவிடப் பெரியது, உங்களுக்கும் அவருக்கும் இடையில் குழாயடியில் தினமும் ஒரு சண்டை நடக்கும், அப்புறம் உங்கள் கையால் மாத்திரையே வாங்க மாட்டார். பூட்டில் தொடங்குவது கயிற்றிலும் சங்கிலியிலும் போய் முடிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் அனுமதிப்பதில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியோடு இருந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் இறந்ததை நம் மாநிலம் மறந்திருக்காது.

அவர் எவ்வளவு குடித்தார் என்று அளக்க உங்களால் முடியாது. உடம்பில் எவ்வளவு தங்கியது என்று அளக்க முடியும். ஒரு டிஜிட்டல் எடை மிஷின் வாங்குங்கள். காலை எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் ஒருமுறை எடை பாருங்கள். மதியம் ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை. ஏறக்குறைய அதே உடுப்பில் பாருங்கள். காலண்டரில் குறித்துவையுங்கள். அண்ணன் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆளுக்குக் காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ கூடக்குறைய இருக்கும். மாலையில் 62ஐத் தொட்டால் அது எச்சரிக்கை. தண்ணீர் இல்லாத வேறு வேலையில் ஈடுபடுத்தி இரண்டு மணி நேரம் கூடவே இருங்கள். 63 என்றால் மூன்று லிட்டர் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அந்த அளவில் சோடியம் கிட்டத்தட்ட 10 இறங்கியிருக்கும். காலையிலேயே சோடியம் குறைவாக இருக்கிற ஆளுக்கு 63 வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் அண்ணனுக்கு எந்த எண்ணில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு, காலண்டரின் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எடை எல்லை தாண்டிய அந்த ஓரிரண்டு மணி நேரம் மட்டும் குழாயின் வால்வை அடைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆள் இல்லாமல் பூட்டிவிட்டுப் போவதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

சோடியம் இறங்கும்போது முதலில் தெரிவது எரிச்சலும் குழப்பமும். வீட்டில் அதை 'நோய் முற்றிவிட்டது' என்று எடுத்துக்கொள்வார்கள். வாந்தி, தலைவலி, தள்ளாட்டம், வாய் குழறல், தூக்கம் வராத நேரத்தில் அசதி இவற்றில் ஒன்று எடை ஏற்றத்தோடு சேர்ந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலிலேயே 'நிறையத் தண்ணீர் குடிக்கும் நோயாளி, முன்பு சோடியம் 116க்கு இறங்கியது' என்று சொல்லிவிடுங்கள். முக்கியமாக, சோர்வாக இருக்கிறாரே என்று பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடாதீர்கள். சர்க்கரை உடம்பில் எரிந்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர்தான். அவருக்கு அது எதிரி.

இனி சிகிச்சை

குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடியோடு நின்றுபோனவர்களும் உண்டு. குறைந்து, வாழ்க்கையோடு சேர்ந்து ஓடுபவர்கள்தான் அதிகம். நோய்க்கான மாத்திரை பொருந்துவதுதான் அடித்தளம். மற்ற மருந்துகளில் இது அடங்காதபோது க்ளோசாபின் என்ற மருந்து பலருக்கு நல்ல பலன் தருகிறது. தொடங்கிய மாதங்களில் வாரா வாரம் ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும், மலச்சிக்கலைக் கவனிக்க வேண்டும். புகைப்பவர் திடீரென்று பீடியை நிறுத்தினால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேட்டதும் பயப்பட வேண்டாம், இதைச் சாப்பிட்டுக்கொண்டு தறி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சோடியத்தை ஏற்றும் விலை உயர்ந்த மாத்திரைகளும் உண்டு. அவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது சில நாள் கொடுப்பவை, வீட்டு மருந்து இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது: பெரிய சொம்பை எடுத்துவிட்டு சின்ன டம்ளர் வையுங்கள். நேரம் போட்டு, அவர் கேட்கும் முன்னாலேயே நீங்களே கொடுங்கள். வாய் உலர்ந்தால் ஐஸ் துண்டு, எலுமிச்சைத் துண்டு, சர்க்கரை இல்லாத மிட்டாய் ஏதாவது சப்பட்டும். மாலை எடை எல்லைக்குள் இருந்த நாளில் அவருக்குப் பிடித்ததைச் செய்துகொடுங்கள். தாண்டிய நாளில் திட்டாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் கை குழாய்க்குப் போகும். தார் சுற்றுவதை நிறுத்திவிட்டீர்கள் என்றால் திரும்பக் கொடுங்கள்.

ஒரு லிட்டர் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியது அந்த வாரத்துக்காக இருக்கலாம். உங்கள் ஊர் வெயிலில் தறிக்குடோனில் வியர்வை வழிய வேலை செய்பவருக்கு அது நிரந்தர அளவாக இருக்க முடியாது. அவ்வளவு நெருக்கினால் ஒளிந்து குடிப்பதும் கூடும். புதிய அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். படுக்கை நனைவதற்கு ஒரு வயிற்று ஸ்கேனும் பார்த்துவிடுங்கள். வருடக்கணக்கில் நிறைந்து நிறைந்து சிறுநீர்ப்பை தளர்ந்துபோகலாம், சிறுநீரகம் வரை விரிவு போகலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரும் பொது மருத்துவரும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள். உங்கள் அண்ணனுக்கு இரண்டு பேரும் தேவை. ராத்திரி நேரத்தில் குழம்பினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வலிப்போ வாந்தியோ வந்தால் மட்டும் அந்த எண் வேண்டாம், நேரே 108.

காதுகுத்து விஷயம். தாய்மாமன் மடி இருக்கும்போது வேறு மடி எதற்கு? விசேஷத்துக்கு முன்னால் ஒரு வாரமாவது மாலை எடை எல்லைக்குள் நின்றிருந்தால் தாராளமாக உட்காரவையுங்கள். நேரத்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அவருக்கு நல்ல வேளை. அன்றைக்கு நீங்கள் வந்தவர்களைக் கவனிப்பீர்கள். அதனால் அவர் கூடவே இருக்க விவரம் தெரிந்த ஒருவரை முதல் நாளே சொல்லிவையுங்கள். மண்டப வாசலில் கொடுக்கும் ஜூஸ், பந்தியில் பாட்டில் பாட்டிலாக வைக்கும் தண்ணீர், ரசம், மோர், பாயசம் எல்லாம் அவர் கணக்கில் தண்ணீர்தான் என்று அந்த ஆளிடம் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு எடை பார்த்துவிடுங்கள்.